பேச்சைத் தொடங்கியவர்கள்

‘முதலில் துப்பாக்கியைக் கீழே போடு, பிறகு பேசலாம்.’ உள்நாட்டுச் சண்டை மூண்ட எந்த நாட்டிலும் அரசாங்கங்கள் சொல்லும் வாசகம் இது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், வட அயர்லாந்தில் அமைதி அந்த வரிசைப்படி வரவில்லை. தெருவில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்தபோதே சிலர் பேசத் துணிந்தார்கள்; அதனால்தான் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

அயர்லாந்துக் குடியரசோடு சேர வேண்டும் என்ற தேசியவாதிகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பிரிட்டனோடுதான் இருப்போம் என்ற ஒன்றியவாதிகளில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்டுகள். முப்பது ஆண்டு மோதலில் 3,500 உயிர்கள் போயின.

1988 மார்ச் 19 அன்று மேற்கு பெல்ஃபாஸ்டில், தேசியவாத ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் உறுப்பினர் ஒருவரின் இறுதி ஊர்வலம். சாதாரண உடையிலிருந்த இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினரின் கார் அதற்குள் வந்து மாட்டிக்கொண்டது. கூட்டம் இருவரையும் வெளியே இழுத்துப்போட்டு அடித்தது. குளோனார்ட் மடத்துப் பாதிரியார் அலெக் ரீட் தரையில் விழுந்து, அவர்களை அணைத்துக் காக்கப் பார்த்தார். அவரை இழுத்து அப்புறப்படுத்திவிட்டு, இருவரையும் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். ரீட் தேடி ஓடினார். வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதியும் பலனில்லை. சடலத்தின் அருகே, முகத்தில் ரத்தத்தோடு அவர் மண்டியிட்டிருக்கும் படம் உலகெங்கும் வெளியானது.

அந்த நேரத்தில் அவரிடம் ஓர் உறை இருந்தது. ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபைன் கட்சி, தேசியவாதிகளின் மிதவாதத் தலைவர் ஜான் ஹ்யூமுக்கு எழுதிய நிலைப்பாட்டுக் குறிப்பு அது. உறையில் ரத்தம் படிந்துவிட்டது. ரீட் வேறு உறை மாற்றி, அன்றே ஹ்யூமிடம் சேர்ப்பித்தார். கண்ணெதிரே இருவர் சாவதைப் பார்த்த மனிதர், ‘இந்தக் கொலைகாரர்களோடு இனி என்ன பேச்சு’ என்று அந்தக் காகிதத்தைக் கிழித்து எறிந்திருந்தால் யார் குறை சொல்லியிருக்க முடியும்?

சின் ஃபைன் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸிடம் ஹ்யூம் வைத்த வாதம் எளிமையானது. பிரிந்து கிடப்பது மண் அல்ல, மக்கள்; ஒன்றியவாதிகளின் சம்மதம் இல்லாமல் எந்தக் குண்டும் அவர்களை இணைக்காது. வன்முறையைக் காலமெல்லாம் எதிர்த்த ஹ்யூம், ஆடம்ஸோடு உட்கார்ந்ததற்காக டப்ளின் பத்திரிகைகளில் வாரக்கணக்கில் வசை வாங்கினார். 1993 அக்டோபரில் ஷாங்கில் வீதி மீன் கடையில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு ஒன்பது பேரைக் கொன்றது. அதை வைக்கப்போய்ச் செத்தவனின் சவப்பெட்டியை ஆடம்ஸ் தோளில் சுமந்தார். அதே வாரம், பழிக்குப் பழியாக, ஒன்றியவாதத் தீவிரவாதிகள் கிரேஸ்டீல் கிராமத்து மதுக்கூடத்தில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அங்கே இறுதிச் சடங்குக்கு ஹ்யூம் போயிருந்தார். இறந்தவர் ஒருவரின் மகள் அவரிடம் வந்து, ‘உங்கள் முயற்சி வெல்ல வேண்டும் என்று அப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று ஜெபம் செய்தோம்’ என்றாள். ஹ்யூம் அந்த இடத்திலேயே உடைந்து அழுதார்.

ஆடம்ஸோடு பேசுவதை நினைத்தாலே குமட்டுகிறது என்று பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் சொன்னது அந்த நாட்களில்தான். அவருடைய அரசு ஐ.ஆர்.ஏ.வோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தது நவம்பர் கடைசியில் அம்பலமானது. ரகசியம் தப்பு என்று நாம் சொல்ல மாட்டோம். வெளியில் பேசிய ஒருவரைத் தனியே அடிபட விட்டதுதான் தப்பு.

டிசம்பர் 15 அன்று மேஜரும் அயர்லாந்துப் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸும் கூட்டுப் பிரகடனம் வெளியிட்டார்கள். 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது. ஒன்றியவாதத் தரப்பில் ஆயுதக் குழுக்களோடு பொறுமையாகப் பேசிவந்தவர் ராய் மகீ என்ற பிரெஸ்பிடீரியன் போதகர். அக்டோபர் 13 அன்று அந்தக் குழுக்களின் போர்நிறுத்தத்தை வாசித்தவர், கொலைக் குற்றத்துக்காகப் பல்லாண்டு சிறையிலிருந்த கஸ்டி ஸ்பென்ஸ். பலியான அப்பாவிகளின் குடும்பங்களிடம் அந்த அறிக்கை மனமார வருத்தம் தெரிவித்தது. யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

பிறகும் பாதை நேராக இல்லை. 1996இல் லண்டனில் குண்டு வெடித்தது. ஐ.ஆர்.ஏ.வின் போர்நிறுத்தம் முறிந்து, மறு ஆண்டு திரும்பியது. 1998 ஏப்ரல் 10 அன்று எட்டப்பட்ட புனித வெள்ளி ஒப்பந்தத்தை வட அயர்லாந்தில் வாக்களித்தவர்களில் 71 சதவீதத்தினர் ஏற்றார்கள். அதற்கான பேச்சுவார்த்தை நடந்த மாதங்களில் ஒன்றியவாதத் தலைவர் டேவிட் டிரிம்பிள் ஒரே கட்டடத்தில் இருந்த ஆடம்ஸோடு நேரடியாகப் பேச மறுத்தார். இருவரும் தனியே சந்தித்தது செப்டம்பரில்தான், ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதம் கழித்து.