மதிப்பெண்ணைக் காட்டி வாயைத் திறக்கவா?

ஆங்கில வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் தானாகப் பேசும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். பேசும்தான், ‘யெஸ் மிஸ்’, ‘நோ மிஸ்’ என்று.

கூச்சம் என்று அவர் பழிபோடுவதில் பாதி, ஆசிரியரின் அவசரம். அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக 1 வினாடியே காத்திருந்ததை 1970களில் எழுதினார். 3 வினாடி பொறுத்ததும் பதில்கள் நீண்டன. அதுவும் அறிவியல் வகுப்பில். தமிழில் யோசித்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, ‘கோ’வா ‘வென்ட்’டா என்று தடுமாறி, பின்பெஞ்சுச் சிரிப்புக்கும் பயப்படுகிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த 3 வினாடி போதுமா? அதற்குள் முதல் பெஞ்சு பதிலைச் சொல்லி உட்கார்ந்திருக்கும்.

பேச்சுக்கு மதிப்பெண் வைத்தால் லாபம், வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு. (அந்தப் பிள்ளை எப்படியும் பேசும்.)

கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். நோட்டில் இரண்டு வரி எழுத விடுங்கள், பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கட்டும், பிறகு எழுப்புங்கள். கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த முறைக்கு நெருக்கமானதுதான் இது. செலவு ஒரு சாக்பீஸ். பாதி வாக்கியத்தில் குறுக்கிட்டு இலக்கணம் திருத்தாதீர்கள். இத்தனையும் ஒரு பருவம் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் மதிப்பெண்ணைக் குறைப்பது பற்றி வாருங்கள், பேசலாம்.