கண்டறிந்த பின் யாரிடம் செல்வது?

ஆனேக்கலில் ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரியும் பெண் தோழர் ஒருவர், அண்மையில் தம் மகனின் பள்ளியிலிருந்து வந்த ஒப்புதல் படிவத்தை என்னிடம் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் மூன்று பக்கங்கள். கைப்பேசியில் சில விளையாட்டுகளை ஆடச்செய்து மாணவர்களின் நடத்தையையும் மனநலத்தையும் மதிப்பிடப் போவதாக அதில் எழுதியிருந்தது. தமிழில் விளக்கி முடித்ததும் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “பையனுக்கு ஏதோ குறை இருக்குதுன்னு தெரிஞ்சா, அப்புறம் நான் யாருகிட்ட போகணும், தோழர்?” மூன்று பக்கங்களிலும் அதற்கு விடை இல்லை.

இத்தகைய மதிப்பீட்டை மோசடி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. திரையில் ஒரு பலூன். அழுத்த அழுத்த அது பெருக்கும், புள்ளிகள் ஏறும். வெடித்துவிட்டால் அதில் சேர்த்த புள்ளிகள் போய்விடும். ஒருவர் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார் என்பதைக் கொண்டு, ஆபத்தைத் துணிந்து ஏற்கும் போக்கை அளக்கும் இச்சோதனையை அமெரிக்க உளவியலாளர்கள் 2002இல் வெளியிட்டனர். ஒரு நிறத்துக்கு அழுத்தவும் மறு நிறத்துக்கு அழுத்தாமல் இருக்கவும் சொல்லும் விளையாட்டு, உந்துதலை அடக்கும் திறனைக் காட்டுகிறது. மருத்துவரின் கேள்விக்கு வாய் திறக்கத் தயங்கும் பதினான்கு வயதுப் பிள்ளை, விளையாட்டில் அவ்வளவாகத் தயங்குவதில்லை. அந்த அளவில் இது பயனுள்ள கருவியே.

ஆனால், விரல் எப்போது அழுத்தியது என்பதைத்தான் கருவி பதிவு செய்கிறது; ஏன் தாமதித்தது என்பது அதற்குத் தெரியாது. பழைய கைப்பேசியின் மந்தம் காரணமாக இருக்கலாம். தாய் இரவுப் பணிக்குச் சென்றதால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு உறங்காதிருந்த பிள்ளையாக இருக்கலாம். கையில் கிடைத்ததை இழக்கக் கூடாது என்று வறுமை கற்றுக்கொடுத்த பிள்ளை, பலூனைச் சீக்கிரமே நிறுத்திவிடும். அதை அச்சம் என்பதா, அனுபவம் என்பதா? இதற்கு விடை காண, அந்த வீட்டின் நிலைமையை அறிந்த ஒரு மனிதர் தேவை.

அத்தகைய மனிதர்களை உருவாக்கிய முன்னுதாரணம் நமது ஆனேக்கல் வட்டத்திலேயே உண்டு. 1970களின் நடுப்பகுதியில் நிம்ஹான்ஸ் நிறுவனம் இங்குள்ள சகலவாரா கிராமத்தில் சமூக மனநல மையத்தைத் தொடங்கியது. மனநோயாளிகளையும் வலிப்பு நோயாளிகளையும் அடையாளம் கண்டு சிகிச்சையில் தொடரச் செய்ய, சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி அளிக்க முடியும் என்று அது காட்டியது. பின்னர் பெல்லாரி மாவட்டத்தில் விரிவாகச் சோதிக்கப்பட்ட அம்முறையே, 1996இல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடெங்கும் செல்லத் தொடங்கியது. கண்டறிந்தவரே மறுவாரமும் வீட்டு வாசலுக்கு வந்தார் என்பதுதான் அதன் வலிமை.

இன்றைய நிலை என்ன? நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறியது. நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆலோசகர் இல்லாத பள்ளியில் விளையாட்டு மட்டும் நுழைந்தால், நீளுவது பட்டியல்தான்; சிகிச்சை அன்று. ‘கவனம் குறைந்தவன்’ என்ற முத்திரையோடு பிள்ளை அதே வகுப்பில் அமர்ந்திருப்பான்.

இலாபத்தை நம்பிய மருத்துவம் எவ்வளவு நாள் உடன்வரும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. கவனக்குறைபாடு உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கான சிகிச்சை விளையாட்டு ஒன்றுக்கு அந்நாட்டின் மருந்து ஒழுங்காற்று அமைப்பு 2020இல் அனுமதி அளித்தது. அதை உருவாக்கிய அகிலி நிறுவனம் 2023இல் மருத்துவர் பரிந்துரை வழியிலான விற்பனையைக் கைவிடுவதாக அறிவித்துப் பணியாளர்களைக் குறைத்தது. 2024இல் நிறுவனமே கைமாறியது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடுக்கிறது. ஆனால் விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. 2025 நவம்பரில் வெளியான விதிகள், மருத்துவ நிறுவனங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் நிபந்தனையுடன் விலக்கு அளித்துள்ளன. பள்ளியின் வாசல் வழியே தனியார் நிறுவனம் நுழைந்து, நம் பிள்ளைகளின் மனத்தைச் சரக்காக்க இடம் தரக் கூடாது.

எனவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. மதிப்பீட்டுக் கருவிகள் பொது நிறுவனங்களின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் பெற்றோர் படிக்கும் மொழியில், இங்கே கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும், இருக்க வேண்டும். தரவு எந்த நிறுவனத்திடமும் தங்கக் கூடாது. அனைத்துக்கும் முன்பாக, ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் நிரந்தரப் பணியில் ஆலோசகர் வேண்டும்.

அந்தத் தாய் படிவத்தில் கையெழுத்திடவில்லை. தம் கேள்வியைக் கன்னடத்தில் அதன் அடியில் எழுதித் தரச் சொல்லி, பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார். அதே கேள்வியை ஒவ்வொரு பள்ளியிலும் எழுப்பச் செய்வது நமது மாணவர், மாதர் அமைப்புகளின் கடமை.