கெட்டிலுக்குள் சுண்ணாம்பு

கோயம்புத்தூரில் குடித்தனம் செய்கிறவர்களுக்குத் தண்ணீர் இருவகைப்படும். ஒன்று நல்ல தண்ணீர். மற்றொன்று உப்புத் தண்ணீர். மலையில் பெய்த மழை சிறுவாணியிலும் பில்லூரிலும் தேங்கிக் குழாய் வழியே வந்து சேருவது முதல் வகை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் இழுத்துக் கொடுப்பது இரண்டாவது வகை. நல்ல தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். உப்புத் தண்ணீரோ குழாயைத் திருகினால் கொட்டும். அவசரத்துக்குக் கெட்டிலில் எது ஊற்றப்படுகிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சில வாரங்களில் கெட்டிலின் அடியில் வெள்ளை வெளேரென்று ஓர் ஏடு படிகிறது. அதை உப்பு என்கிறோமே தவிர, அது கறியுப்பு அன்று, சுண்ணாம்புக் கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கிரகித்து இலேசான அமிலமாகிறது. பூமிக்குள் இறங்கும்போது அங்குள்ள சுண்ணாம்பைக் கரைத்துத் தன்னோடு கொண்டு வருகிறது. ஜலத்தைக் காய்ச்சினால் வாயு வெளியேறுகிறது. கரைந்திருந்த கல் மறுபடியும் கல்லாகிறது. கோவைக்கு அருகே மதுக்கரையில் சுண்ணாம்புக் கல்லை நம்பி 1934-ம் வருஷத்தில் சிமெண்டு ஆலையே எழுந்தது. அப்படிப்பட்ட பூமி, கெட்டிலுக்குள் சிறிது அனுப்பி வைப்பதில் வியப்பில்லை.

எவ்வளவு அனுப்புகிறது? குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது உத்தமம் என்றும், வேறு கதியில்லாத இடத்தில் 600 வரை சகிக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. 600 உள்ள ஜலத்தைத் தினம் 3 லிட்டர் காய்ச்சினால், சுண்ணாம்புக் கணக்கில் மாதம் 54 கிராம் கெட்டிலுக்குள் போகிறது. அவ்வளவும் படிவதில்லை, ஒரு பங்கு படிந்தாலே போதும், பாத்திரம் பாழாவதற்கு.

"இந்தக் கல்தானே சிறுநீரகத்திலும் சேருகிறது?" என்று பல இல்லங்களில் அச்சம் இருக்கிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட். கெட்டிலில் படிவதோ கால்சியம் கார்பனேட். கடின நீருக்கென்று உடல்நலத்தை முன்னிட்டு உலகச் சுகாதார ஸ்தாபனம் எந்த வரம்பும் விதிக்கவில்லை. தண்ணீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் கல்லுக்கு உண்மையில் அழைப்பு விடுப்பதாகும்.

ஆயினும் படிவை அப்படியே விட்டுவிடலாகாது. அது சூட்டுக்கும் ஜலத்துக்கும் நடுவே சுவர் எழுப்புகிறது. அடுப்பில் வைக்கும் பாத்திரமானால் எரிபொருள் வீணாகும். மின்சாரக் கெட்டிலானால் சூடேற்றும் பாகம் அளவுக்கு மீறிக் காய்ந்து கெட்டுப்போகும்.

இனி நாம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று. இந்த வெள்ளையைப் போக்கக் குளியலறை கழுவும் ஆஸிடை எடுப்பவர்கள் உண்டு. அது எஃகையே அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். போதாக்குறைக்கு, அதைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கிறார்கள். குழந்தையின் கைக்கு எட்டினால் என்ன ஆகும்? ஐந்து நிமிஷ வேலையை மிச்சப்படுத்த இவ்வளவு பெரிய அபாயம் வேண்டாம். கத்தியால் சுரண்டுவதும் தவறு. சுரண்டிய கீறலில் படிவு இன்னும் இறுகப் பற்றிக்கொள்ளும்.

சமையலறையிலேயே மருந்து இருக்கிறது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும். சிட்ரிக் அமிலம் என்பதும் அதுவே. கெட்டிலில் ஒரு லிட்டர் ஜலத்தைச் சுடவைத்து, மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவிட்டு, இரண்டு மேஜைக் கரண்டி எலுமிச்சை உப்பைப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும், சுண்ணாம்புக் கல்லில் அடங்கியிருந்த கரியமில வாயுதான் அப்படி விடைபெறுகிறது. அரை மணி கழித்துக் கொட்டிக் கழுவி, ஒரு முறை வெறும் ஜலத்தைக் காய்ச்சிக் கொட்டிவிடலாம். எலுமிச்சை உப்பைப் போட்டபின் கொதிக்கவிட வேண்டாம். வேறொரு வெள்ளைப் படிவு உண்டாகும். வினிகரும் பயன்படும், வாசனைதான் சிறிது தங்கும். பித்தளை துலக்கும் புளியை இங்கே கொண்டுவர வேண்டாம். அது கறை விடும். அலுமினியத்திலும் ஈயம் பூசிய பாத்திரத்திலும் அமிலத்தை நெடுநேரம் வைக்கலாகாது. கடைகளில் பகட்டான பொட்டலங்களில் விற்கும் கெட்டில் பொடிகள் பலவற்றிலும் இருப்பது இந்த எலுமிச்சை உப்பே. பொட்டலத்துக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

மாதம் ஒரு முறை இதைச் செய்தால், படிவு கெட்டியாவதற்கு முன்பே கரைந்துவிடும். மிஞ்சிய ஜலத்தை இரவு முழுதும் கெட்டிலில் விட்டுவைக்காதீர்கள்.

2003-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. மொட்டை மாடியில் விழும் மழை மண்ணைத் தொடுமுன் சுண்ணாம்பற்றது. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததை ஒரு சிறு தொட்டியில் வடிகட்டிப் பிடித்து, நன்கு காய்ச்சி உபயோகிக்கிற குடும்பத்துக்குக் கெட்டில் கழுவும் வேலை பாதியாகக் குறையும். வானம் இலவசமாகத் தரும் நல்ல தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, உப்புத் தண்ணீரைக் குறை கூறுவது நியாயமாகாது.