உட்கார ஒரு ஸ்டூல்

மதுரை விளக்குத்தூண் பக்கமோ, சென்னை ரங்கநாதன் தெருவோ, உங்கள் ஊர் பஜாரோ, ஏதாவது ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குள் போய்ப் பாருங்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம், அதாவது நம் பக்கம், வரிசையாக குஷன் ஸ்டூல் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் புடவையை விரித்துக் காட்டுகிறவருக்கு? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தவர் இரவு ஒன்பதரைக்கும் நின்றுகொண்டுதான் இருப்பார். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அவ்வளவுதான்.

இது சட்டப்படி தப்பு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபையில் 1947 ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 22-ஏ என்று ஒரு புதிய பிரிவு. கடையில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். பேப்பரில் பெரிதாக வந்தது, பாராட்டினோம், மறந்துவிட்டோம்.

தொழிலாளர் பாதுகாப்பு என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது சிவகாசி பட்டாசு விபத்து, கழிவுநீர்த் தொட்டி மரணம், கட்டிடத்திலிருந்து விழுவது. நியாயம்தான், அங்கே உயிரே போகிறது. அதோடு ஒப்பிட்டால் 'உட்கார ஸ்டூல் இல்லை' என்பது கேலிக்குரிய புகார் மாதிரி தெரியும். என் ரூம்மேட்டே சிரித்தான். ஆனால் வெடித்தால் செய்தி வரும், வெடிக்காமல் பத்து வருடம் மெதுவாகக் கெடுகிற உடம்புக்குச் செய்தி வராது. தொழில்சார் நோய்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகைதான். அதனால்தான் இதை எடுத்து எழுதுகிறேன்.

நின்றால் என்ன ஆகும்? இதயம் ரத்தத்தைக் காலுக்கு அனுப்பிவிடும். அது திரும்பி மேலே வர வேண்டுமே, புவியீர்ப்பை எதிர்த்து! அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். தள்ளிய ரத்தம் கீழே இறங்காமல் சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் இந்த பம்ப் வேலை செய்யாது. கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் போய்விடும். நடந்தால் அதுவே சுமார் 30க்கு இறங்கிவிடும். வருடக்கணக்காக நின்றால் வால்வு தளர்ந்து, ரத்தம் தேங்கி, சிரை வீங்கி முறுக்கிக்கொள்ளும். நம் ஊரில் நரம்பு சுருட்டல் என்பார்கள் (உண்மையில் அது நரம்பு இல்லை, ரத்தக்குழாய்). முதலில் வலி, மாலையில் வீக்கம். அப்புறம் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரிப்பு. முற்றினால் ஆறாத புண்.

இது இன்று நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. தொழில்சார் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, 1700 ஆம் ஆண்டு வெளியிட்ட புத்தகத்திலேயே நின்றுகொண்டு வேலை செய்கிறவர்களுக்கு என்று தனி அத்தியாயம் எழுதி, இந்தக் கால் சிரை வீக்கத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். பிரிட்டனில் 1899லேயே கடைப் பணியாளர் இருக்கைச் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. மூன்று பெண் பணியாளர்களுக்குக் குறைந்தது ஒரு இருக்கை என்று எண்ணிக்கையோடு சொன்ன சட்டம். இதைப் பின்னால் மறுபடி இழுப்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. 1948 ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44வது பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டிய தொழிலாளிக்கு உட்கார வசதி செய்ய வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது (தொழில் சட்டப் பேப்பரில் இரண்டு மார்க் கேள்வியாக இதை எழுதியிருக்கிறேன், அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை). அதாவது மில்லில் துணி நெய்கிறவருக்கு 1948லேயே கிடைத்த உரிமை, அதே துணியைக் கடையில் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்க 73 வருடம் ஆனது.

அதுவும் சும்மா கிடைக்கவில்லை. கேரளாவில் பெண்கள் தெருவில் இறங்கியதால்தான் இந்தப் பேச்சே ஆரம்பித்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவர் 'பெண்கூட்டு' என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. கடையில் கழிப்பறை கிடையாது என்பதால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்த பெண்கள் அவர்கள். சிறுநீர்த் தொற்றும் நரம்பு சுருட்டலும் சேர்ந்தே வந்தன. 2014 டிசம்பர் கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக்கடையின் பெண் பணியாளர்கள் சிலர் கடைக்கு வெளியே உட்கார்ந்து 100 நாட்களுக்கு மேல் போராடினார்கள். கடைக்குள் உட்கார முடியாதவர்கள் வெளியே உட்கார்ந்தார்கள்! 2018ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. அதே வருடம் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் வந்தது. அதற்கு மூன்று வருடம் கழித்து நம் திருத்தம்.

சரி, சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் ஏன் ஸ்டூல் வரவில்லை?

போன வருடம் தீபாவளி சீசனுக்கு ஒரு ஜவுளிக்கடையில் 24 நாள் வேலை பார்த்தேன் (கடை பெயர் வேண்டாம்). பேண்ட் பிட், சட்டைத்துணி செக்ஷன். முதல் மூன்று நாள் கால் வலி என்று சொல்ல முடியாது, காலே என்னுடையது இல்லை என்கிற மாதிரி இருந்தது. ராத்திரி ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் பட்டை பதிந்த தடம் அரை மணி நேரம் மறையாது. கவனித்தது என்னவென்றால், அந்தக் கடையில் ஸ்டூல் இருந்தது! கவுண்டருக்குக் கீழே, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, மேலே பழைய பில் புத்தகக் கட்டு வைத்திருந்தார்கள். சுவரில் கொஞ்சம் சாய்ந்தேன். பக்கத்து கவுண்டரில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிற அக்கா, "தம்பி, சாயாதீங்க. கேமரா இருக்கு. புளோர் மேனேஜர் வந்து ஏதாவது சொல்வார்" என்றார். அவருக்கு வலது காலில் முட்டிக்குக் கீழே துணிப்பட்டை சுற்றியிருக்கும். டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறதாம். "லீவு போட்டா இன்சென்டிவ் போயிடும், பொங்கல் முடியட்டும்" என்றார். எந்தப் பொங்கல் என்று நான் கேட்கவில்லை.

ஆக, ஸ்டூல் வாங்க முதலாளியிடம் காசு இல்லாமல் இல்லை. காமர்ஸ் மாணவன் என்பதால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேர் வேலை பார்க்கிற கடை. மூன்று பேருக்கு ஒன்று என்றால் 20 ஸ்டூல், 8,000 ரூபாய். அந்த மாதிரி கடையில் கட்டைப் பைக்கு ஆகிற செலவில் இது தூசு. எஸ்கலேட்டருக்கும் ஏ.சி.க்கும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறார்கள், தேய்மானம் எழுதுகிறார்கள். அக்காவின் காலுக்கு அந்த ஏட்டில் ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் அந்தச் செலவு கடையின் செலவே இல்லை. அது அக்காவின் வீட்டுச் செலவு. மிஞ்சினால் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியின் செலவு. 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ. பங்களிப்பை மொத்தமாக 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள், முதலாளி பங்கு 4.75லிருந்து 3.25 ஆனது. ஆளை நிற்க வைத்தே தேய்க்கிற கடைக்கும், உட்கார வைக்கிற கடைக்கும் ஒரே சதவீதம். அப்புறம் யார் மெனக்கெடுவார்கள்?

நஷ்ட ஈடு கேட்கலாமே என்றால் அதற்கும் வழி குறுகல். 1923 ஆம் ஆண்டு நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் இருந்தது. ஈய நச்சு உண்டு, சிலிக்கோசிஸ் உண்டு, பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்டு. நின்று நின்று வந்த நரம்பு சுருட்டல் அதில் இல்லை. பட்டியலில் இல்லாத நோய்க்குக் காரணம் வேலைதான் என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும். முதலாளி தரப்பு வக்கீல் "உங்க அம்மாவுக்கும் இருந்ததாமே" என்று கேட்டால் முடிந்தது கதை. (பரம்பரை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் டென்மார்க்கில் சுமார் 12 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பெரும்பாலும் நின்றே வேலை செய்கிறவர்கள் இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்வது மற்றவர்களைவிட முக்கால் பங்குக்கு மேல் அதிகம் என்று தெரியவந்தது. அங்கேயும் பரம்பரை உண்டுதானே?)

உண்மையான தடை காசு இல்லை, பார்வை. உட்கார்ந்திருந்தால் சோம்பேறி, மரியாதை தெரியாதவன் என்கிற நினைப்பு. இதில் முதலாளியை மட்டும் திட்டினால் போதாது. ஆள் உட்கார்ந்திருந்தால் "என்னப்பா, வியாபாரம் பண்ற ஐடியா இருக்கா இல்லையா?" என்று கேட்கிற வாடிக்கையாளர் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். பெரியவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று வளர்த்த ஊர். கடைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, வாடிக்கையாளரே இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கும் ஆளை நிற்க வைக்கிறார்கள். யாருக்கு மரியாதை, பொம்மைக்கா? ஐரோப்பாவில் பல நாடுகளில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர் உட்கார்ந்துதான் போடுகிறார், அங்கே யாரும் கோபித்துக்கொண்டு சாமான் வாங்காமல் போனதாகத் தெரியவில்லை :)

தீபாவளி சீசனில் உட்கார நேரம் ஏது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கூட்டத்தில் முடியாது. நானே பார்த்தேன். ஆனால் தீபாவளி வருடம் முழுக்க வருவதில்லையே. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும் கெடுதல் என்பார்கள். அதுவும் சரிதான். மாற்றி மாற்றி நிற்பது, நடப்பது, உட்காருவது, இதைத்தான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். நான்கு மணி நேரம் வேலைக்கு ஒரு மணி நேரம் இடைவேளை என்று 1947 சட்டம் சொல்வதை ஒழுங்காகக் கொடுத்தாலே பாதிக் கஷ்டம் தீரும்.

என் கருத்தில் நம் சட்டத்தின் ஓட்டை அதன் வார்த்தைகளிலேயே இருக்கிறது. 'பொருத்தமான' இருக்கை, 'வாய்ப்புக் கிடைக்கும்போது'. எது பொருத்தம்? அறுபது பேருக்கு மாடியில் ஒரு பெஞ்ச் போட்டால் பொருத்தமா? வாய்ப்பு வந்ததா இல்லையா என்று முடிவு செய்வது யார்? புளோர் மேனேஜர்தான். 1948 சட்டத்தின் வாசகத்தையே கிட்டத்தட்ட எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பிலும் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை வசதி என்று ஒரு வரி இருக்கிறது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற வியாபார நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். நல்லது. ஆனால் அதிலும் எண்ணிக்கை இல்லை. 1899ல் வெள்ளைக்காரன் எழுதிய 'மூன்று பேருக்கு ஒன்று' எவ்வளவு எளிமை பாருங்கள்! ஆய்வுக்கு வருகிறவர் தலையை எண்ணலாம், ஸ்டூலை எண்ணலாம், வகுக்கலாம். விதியில் இந்த எண்ணிக்கை வர வேண்டும். இருக்கை கவுண்டருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று வர வேண்டும். உட்கார்ந்ததற்காகச் சம்பளமோ இன்சென்டிவோ பிடித்தால் அபராதம் என்று வர வேண்டும். கண்காணிக்க வைத்த கேமராவின் பதிவையே ஆய்வாளர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், நாள் முழுக்க யாராவது உட்கார்ந்தார்களா என்று. ஸ்டூல் மேல் பில் புத்தகக் கட்டு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலும் தெரிந்துவிடும்.

அடுத்த தீபாவளிக்கும் நம் கிளாஸில் நாலைந்து பேர் சீசன் வேலைக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். சம்பளம் எவ்வளவு, சாப்பாடு உண்டா என்று கேட்கும்போதே, உட்கார இடம் எங்கே என்றும் கேட்டுவிடுங்கள். சீசன் ஆளை 24 நாளில் எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள், நாம் கேட்டால் பெரிதாக ஒன்றும் போகாது. அந்த அக்காவால் அதைக் கேட்க முடியாது.