குழாயை மாற்றுகிறோம், கல்லை விட்டுவிடுகிறோம்

முதுகுத்தண்டில் அடிபட்டு மும்பையில் படுக்கையிலிருக்கும் என் பெரியப்பாவுக்குச் சென்ற ஆண்டு 2 மாதங்களில் 5 முறை சிறுநீர் வடிகுழாய் மாற்ற நேர்ந்தது. குழாய் அடைத்துக்கொள்ளும், சிறுநீர் அதைச் சுற்றிக் கசியும். ஒவ்வொரு முறையும் பெரியம்மாவுக்கே ஏச்சு: தண்ணீர் சரியாகக் கொடுப்பதில்லை, சுத்தம் போதவில்லை. கடைசியில் ஓர் இளம் மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சிறுநீர்ப்பையில் கல் இருந்தது.

நுண்ணுயிரியலில் ஆய்வு செய்யும் எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

குழாயை அடைப்பது வெறும் அழுக்கன்று. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்னும் பாக்டீரியா, யூரியேஸ் நொதியால் சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. சிறுநீரின் காரத்தன்மை ஏறுகிறது. அதுவரை கரைந்திருந்த உப்புகள் ஸ்ட்ரூவைட்டாகவும் கால்சியம் பாஸ்பேட்டாகவும் படிந்து, பாக்டீரியாவின் உயிர்ப்படலத்தோடு சேர்ந்து குழாயின் துளையைக் கெட்டியாகப் பூசிவிடுகின்றன. (கழிவுநீர் நிலையங்களின் குழாய்களை அடைப்பதும் இதே ஸ்ட்ரூவைட்தான், அதைப் பற்றி எங்கள் துறையில் மணிக்கணக்கில் பேசுவோம்.) அதே படிகங்கள் பையினுள் கல்லாகவும் திரள்கின்றன. பலூனின் மேல் முட்டையோடு போலப் படிந்த ஏடு, குழாயை உருவும்போது உடைந்து உள்ளே தங்கினால், அடுத்த கல் அதைச் சுற்றியே வளரும்.

கல்லுக்குள் ஒளிந்த பாக்டீரியாவை ஆன்டிபயாடிக் எளிதில் எட்டுவதில்லை. ஆகவே புதுக்குழாயிலும் பழைய கிருமியே குடியேறுகிறது. தண்ணீர் நிறையக் குடிப்பது படிவதைத் தாமதப்படுத்தும், உண்மைதான். ஆனால் திரண்டுவிட்ட கல்லை அது கரைக்காது.

மீண்டும் மீண்டும் அடைபடும் குழாயைப் பராமரிப்பவரின் குற்றமாகக் கொள்வது அறிவியலும் அன்று, அறமும் அன்று. கல் உண்டோ என்று முதலில் தேட வேண்டும். கழற்றிய குழாயை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தாலே படிகம் கண்ணுக்குத் தெரியும். நாமோ பார்க்காமலே எறிந்துவிடுகிறோம். குழாய் வடித்துக் காலியான பையில் சிறு கற்கள் ஸ்கேனுக்குத் தப்பக்கூடும் என்பதால், ஐயம் தீராவிடில் உட்புறத்தைக் கருவி செலுத்தியே பார்க்க வேண்டும். தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயமுற்றோருக்கு ஓர் அடைப்பே இரத்த அழுத்தத்தை உயிருக்கு ஆபத்தான அளவு ஏற்றிவிடும். அவர்களுக்கு இந்தத் தாமதம் தகாது.

பெரியப்பாவின் கல்லை உடைத்தெடுத்த பின், குழாய் வாரக்கணக்கில் அடைபடாமல் நிற்கிறது. பெரியம்மாவிடம் இதுவரை எவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. நானே சென்ற வாரந்தான் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.