கடன் முந்தி, பங்கு பிந்தி

தகப்பனார் காலமான வீட்டில் கருமாதி முடிவதற்கு முன்பே தபால்கள் வரத் தொடங்கிவிடும். கிரெடிட் கார்டு பாக்கி, கார் கடன் தவணை, மின்சாரக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். துக்கம் விசாரிக்க வந்த பெரியவர், "அப்பா பட்ட கடனைப் பிள்ளை அடைக்காவிட்டால் ஆத்மா சாந்தியடையாது" என்பார். மகனும் தன் வீட்டுக் கடனுக்காக ஒதுக்கி வைத்த பணத்தை எடுத்துக் கட்டிவிடுவார். உயிலும் இல்லையென்றால் குழப்பம் இரட்டிப்பாகும். கிரெய்கிபர்ன் அங்கத்தவர்கள் இது பற்றிச் சில விவரங்களை அறிந்திருப்பது நலம்.

தந்தையின் கடனை மகன் தீர்க்க வேண்டும் என்று தர்ம சாஸ்திரம் விதித்தது உண்மையே. ஆனால் சூதிலும் குடியிலும் பட்ட கடன் மகனைச் சேராது என்றும் அதுவே விலக்களித்தது. இந்தியாவில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005 இல் வந்த திருத்தம், அதன் பிறகு வாங்கிய கடனுக்கு மகன் என்ற ஒரே காரணத்தைக் காட்டி அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று ஆக்கிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் கடன் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தையே சேரும். பிள்ளையின் சட்டைப்பையைச் சேராது. மகன் கூட்டாகக் கடன் வாங்கியிருந்தாலோ, ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோதான் அவர் பொறுப்பாளி. வீட்டின் மீதுள்ள அடமானம் மட்டும் வீட்டோடேயே போகும். ஆகவே கடன் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவரிடம் "நான் கட்டிவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டாம். "அவர் காலமாகிவிட்டார், விவரத்தை எழுத்தில் அனுப்புங்கள்" என்றால் போதும்.

அடுத்தது காகித வேலை. டாக்டர் எழுதுவது மரண காரணத்தைக் குறிக்கும் மருத்துவச் சான்று மட்டுமே. வங்கியும் நீதிமன்றமும் கேட்கும் மரணச் சான்றிதழ், விக்டோரியாவின் பிறப்பு இறப்புப் பதிவகத்திலிருந்து வர வேண்டும். உயிரோடு இருக்கும்போது தந்தை கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி அவர் மூச்சோடு முடிந்துவிடுகிறது; அதைக் காட்டி அவர் கணக்கிலிருந்து பணம் எடுப்பது குற்றமாகலாம். ஈமச் செலவுக்கான ரசீதைக் காட்டினால், இறந்தவர் கணக்கிலிருந்தே அதை வங்கிகள் பெரும்பாலும் செலுத்திவிடும்.

உயில் இல்லாதபோது, மனைவியோ பிள்ளைகளில் ஒருவரோ விக்டோரியா உச்ச நீதிமன்றத்தின் புரொபேட் அலுவலகத்தில் 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' என்னும் நிர்வாக அதிகாரம் கோர வேண்டும். விண்ணப்பிப்பதற்குக் குறைந்தது 14 நாள் முன்பு நீதிமன்றத்தின் இணையதளத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதிகாரம் பெற்றவர் கடன்காரர்களுக்குக் குறைந்தது 2 மாத அவகாசம் தந்து அறிவிப்பது நல்லது. ஈமச் செலவும் நிர்வாகச் செலவும் முதலில், வரியும் கடனும் பிறகு, பங்கு கடைசியில். இந்த வரிசையை மாற்றி, கடனை அடைக்காமல் அவசரமாகப் பங்கு பிரித்தவர் தம் கைப்பணத்திலிருந்தே ஈடுகட்ட நேரலாம்.

பங்கு யாருக்கு? விக்டோரியாச் சட்டப்படி, பிள்ளைகள் எல்லோரும் இருவருக்கும் பிறந்தவர்களாயின் சொத்து முழுவதும் தாய்க்கே. தாயும் இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சமபங்கு. மணமான மகளுக்கும் அப்படியே. ஊரிலுள்ள வீட்டுக்கும் நிலத்துக்கும் அந்தந்த ஊர்ச் சட்டம் பொருந்தும். இந்தியாவில் 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், இந்து ஆணின் தனிச் சொத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் ஆகியோர் சமபங்கு பெறுவர். யாழ்ப்பாணத்துக் காணிக்குத் தேசவழமையும் பார்க்க வேண்டியிருக்கும். இங்குள்ள சூப்பர் பணம் பெரும்பாலும் இவற்றில் சேராது; நியமனப் படிவத்தின்படியோ, அது இல்லாதபோது நிதியின் டிரஸ்டி எடுக்கும் முடிவின்படியோ போகும்.

உயில் இல்லாமற்போனால் வரும் சிக்கலுக்குத் தமிழ்நாடே அறிந்த சான்று உண்டு. முதலமைச்சர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று உயில் எழுதாமலே காலமானார். சகோதரரின் மக்கள் தீபாவும் தீபக்கும்தான் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2020 மே மாதத்தில்தான். அவர் வாழ்ந்த வேதா நிலையத்தைக் கையகப்படுத்த அப்போதைய அரசு 67.9 கோடி ரூபாய் நீதிமன்றத்தில் கட்டியது, அதில் 36.9 கோடி வருமான வரித்துறையின் பாக்கிக்கென்று குறிக்கப்பட்டது. 2021 நவம்பரில் அந்தக் கையகப்படுத்தலை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தபின்தான் வீட்டுச் சாவி வாரிசுகள் கைக்கு வந்தது. பங்கு கேட்பவருக்கு முன்னால் பாக்கி கேட்பவர் நிற்பது அங்கும் மாறவில்லை.

இவ்வளவையும் தவிர்ப்பது ஒரு மாலை நேர வேலை. எழுத்தில் உயில், இரண்டு சாட்சிகள் ஒருங்கே இருக்கும்போது கையெழுத்து, அதோடு யாருக்கு என்ன கடன், எந்த வங்கியில் கணக்கு என்று ஒரு தாள். ஆனால் மறதி நோய் முற்றிய பின் எழுதும் உயில் எளிதில் வழக்குக்கு இடமாகும். அப்போது டாக்டரின் சான்றும் கைகொடுக்காமற் போகலாம். புத்தி தெளிவாய் இருக்கும் இன்றே பெற்றோரிடம் இதைப் பேசுவது அபசகுனமன்று. தாயை வங்கி வாசலில் காத்து நிற்க வைக்காமல் இருப்பதும் பிள்ளையின் கடமையே.