வாசல் வரை வந்த ஃபைபர் மாடி ஏறாதது ஏன்?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அந்தப் பெண்ணை நான் பார்க்கும்போதெல்லாம் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். சென்னைக்குத் தெற்கே, அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஆறாவது மாடியில் அவள் வீடு. வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழை ஏற்றப் போனால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். “ஓடிபி வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சிடுதுண்ணா” என்றாள். அழுகையோ கோபமோ அதில் இல்லை. பழகிப்போன குரல்.

அந்தப் படிக்கட்டில் நின்று பார்த்தால் கண்ணாடி பதித்த ஐ.டி. கட்டடங்கள் தெரியும். பழைய மாமல்லபுரம் சாலையின் அடியில் போகாத ஃபைபர் கேபிள் இல்லை. கடலடிக் கேபிள்கள் கரையேறும் நகரங்களில் சென்னையும் ஒன்று. அந்தக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கப் போகிற பெண்களில் இவளுடைய அம்மாவும் ஒருவர்.

ஒரு தனியார் நிறுவனத்துக்கு நானே போன் செய்து பார்த்தேன். பின்கோடு சொன்னதும் “சர்வீஸ் இருக்கு சார்” என்றார் எதிர்முனையில் இருந்தவர். குடியிருப்பின் பெயரையும் பிளாக் எண்ணையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “அந்த ஏரியாவுக்கு இப்ப வாய்ப்பு இல்லை சார், வந்தா கூப்பிடறோம்.” ஏழு மாதம் ஆகிறது, இன்னும் கூப்பிடவில்லை. எதிர்ச்சாரியில், கேட்டும் காவலாளியும் உள்ள அடுக்ககத்தில் மூன்று நிறுவனங்களின் இணைப்பு இருக்கிறது.

இதில் தொழில்நுட்பச் சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். தலைமுடி போன்ற ஒரு கண்ணாடி இழை வழியே ஒளியாக வருவதுதான் ஃபைபர் இணையம். ஒற்றை இழை தெருவுக்கு வந்து, ‘ஸ்பிளிட்டர்’ என்ற சிறு பெட்டிக்குள் முப்பத்திரண்டு வீட்டுக்கும் பிரியும். அந்தப் பெட்டிக்கு மின்சாரம்கூட வேண்டாம். தனி வீடென்றால் கம்பத்திலிருந்து ஒயரை இழுத்து ஜன்னல் வழியே உள்ளே விட்டுவிடலாம். எட்டு மாடிக் கட்டடத்தில் அது முடியாது. கீழிருந்து மேலே ஏற ஒரு பாதை வேண்டும், மாடிக்கு மாடி ஒரு பெட்டி வேண்டும், அங்கிருந்து ஒவ்வொரு கதவுக்கும் குழாய் வேண்டும். தண்ணீருக்கும் கழிவுக்கும் மின்சாரத்துக்கும் வழி விட்டுக் கட்டியவர்கள் இதற்கு வழி விடவில்லை. அதனால் மொட்டை மாடியிலிருந்து வெளிச்சுவர் வழியே ஒயரைத் தொங்கவிடுகிறார்கள். வெயிலில் காய்கிறது, எலி கடிக்கிறது, வெள்ளையடிக்க வருபவர் அறுத்துவிட்டுப் போகிறார். செம்புக் கம்பி போல முறுக்கி ஒட்டுப்போட இது ஆகாது. இழையை ஒட்டவைக்கத் தனி மெஷினோடு ஆள் வர வேண்டும். கூர்மையாக மடிந்தாலே ஒளி கசிந்துவிடும்.

இத்தனை செலவு செய்து ஏற்றியபின் ஒரு பிளாக்கில் மூன்றே வீடு இணைப்பு வாங்கினால் கேபிள்காரருக்குக் கட்டுப்படியாகாது. ஆறு மாதப் பணத்தை முன்கூட்டிக் கட்டச் சொன்னால் தினக்கூலி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. ஆள் சேரட்டும் என்று அவர் காத்திருக்கிறார். ஒயர் வரட்டும் என்று இவர்கள் காத்திருக்கிறார்கள். நடுவில் சுவரில் துளை போட யாரிடம் அனுமதி வாங்குவது என்ற கேள்வி வேறு. தனியார் அடுக்ககத்தில் உரிமையாளர் சங்கம் ஒரு கடிதம் கொடுத்தால் முடிந்தது. இங்கே கட்டடம் அரசுடையது, வீடு ஒதுக்கீட்டில் வந்தது, குடியிருப்பவரிடம் கிரயப் பத்திரம் இல்லை. ஆதாரில் பழைய குடிசையின் முகவரி.

விதிகள் இல்லாமல் இல்லை. கட்டடத்துக்குள் தொலைத்தொடர்புக்குப் பொதுவான பாதை அமைக்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளில் 2022-இல் சேர்த்தார்கள். பெயரிலேயே இருக்கிறது, அது மாதிரி. மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் உயிர் வரும். இணைய வசதியைப் பார்த்துக் கட்டடங்களுக்கு நட்சத்திர மதிப்பு கொடுக்க 2024-இல் டிராய் விதி போட்டது. உரிமையாளரோ பராமரிப்பவரோ விண்ணப்பித்தால் மதிப்பிடுவார்கள். விற்பனை விளம்பரம் போடுகிறவருக்கு அந்த நட்சத்திரம் உதவும். லிப்ட் பழுதைப் பார்க்கவே ஆள் வராத பிளாக்குக்கு நட்சத்திரம் கேட்டு யார் விண்ணப்பிக்கப் போகிறார்கள்?

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று எங்கே போனாலும் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பான்மையோர் நம் மக்கள். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் முகவரியைச் சொன்னதும் எதிர்முனையில் விழுகிற அந்த அமைதி மாறவில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைகள் விண்ணப்பத்தில் உறவினர் முகவரியை எழுதுவது இதற்குப் பயந்துதான்.

மகாடு நகராட்சி தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924-இலேயே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் 1927-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த்தான் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் திறந்த குளத்துக்கும் கையில் அள்ளிய தண்ணீருக்கும் நடுவே மூன்று வருடம்.

நம் ஊரில் எட்டு மாடி இல்லையே என்று கிராமத்து வாசகர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோக வேண்டும் என்பது இலக்கு. உங்கள் ஊராட்சிக்கு வந்திருந்தால் அது எந்தத் தெருவில் நிற்கிறது என்று பாருங்கள். ஊராட்சி அலுவலகம் ஊரில், காலனி தள்ளி. நடுவே உள்ள அந்தத் தூரமும் ஆறு மாடியும் ஒன்றுதான். அடுத்த கிராம சபையில் மாணவர்கள் எழுந்து இதைக் கேட்க வேண்டும்.

கேரள உயர்நீதிமன்றம் 2019-இல், விடுதியில் செல்போன் பயன்படுத்தத் தடை போட்டதை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி என்று சொன்னது. அந்த மாநிலமே 2023-இல் தொடங்கிய கே-ஃபோன், இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற நோக்கத்தோடு வந்தது. அதன் வேகம் பற்றி அங்கேயே விமர்சனம் உண்டு. ஆனாலும் ஏழை வீட்டுக்கு இணைப்பு தருவது அரசின் வேலை என்று ஒப்புக்கொண்டார்கள் அல்லவா?

இங்கே நாங்கள் கேட்பது அவ்வளவுகூட இல்லை. புதிதாகக் கட்டும் பிளாக்குகளில் சுவர் எழும்போதே குழாய் பதித்துவிடுங்கள், அப்போது செலவு மிகக் குறைவு. பழைய கட்டடங்களில் பராமரிப்புப் பணத்தில் ஒரு பொதுப் பாதை போட்டு, எந்த நிறுவனமும் வரலாம் என்று திறந்துவிடுங்கள். ஒரே நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டால் அவர் சொன்னதுதான் விலை. துளை போட அனுமதிக்கு ஒரே இடம், குறிப்பிட்ட நாளுக்குள் பதில். அதுவரை கீழ்த்தளத்தில் பொது வைஃபை. பிஎம்-வாணி திட்டத்தில் 2020 முதல் பெட்டிக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் அதை நடத்தலாம்.

இதையெல்லாம் மனுவாக எழுதி, வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதாக இருக்கிறோம். விண்ணப்பத்தை எழுதியவள் அந்தப் படிக்கட்டுப் பெண்தான். ஐந்து பிளாக்கில் கையெழுத்து வாங்கியாயிற்று. ஆறாவது பிளாக்கில் மேல் நான்கு மாடி பாக்கி. அங்கே லிப்ட் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற வேண்டும்.